சேலத்து ரொட்டி

ராஜமேரிக்குச் சர்க்கரை வியாதி என்று தர்மபுரி டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்தக் காலத்தில் அது பணக்காரர்களின் வியாதி. நெய்யும் பாலுமாகத் தின்றுவிட்டு உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத மில் முதலாளிக்கு வரலாம். மொரப்பூர் ஸ்டேஷன் பார்சல் கிளார்க்கின் மனைவிக்கு, அதுவும் விடிந்தால் நாலு குடம் தண்ணீர் தூக்குகிறவளுக்கு, எப்படி வரும்? டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் சென்னையில் படித்துவிட்டு வந்த இளவயதுக்காரர்.

"வியாதி சம்பளத்தை விசாரிச்சுட்டு வர்றதில்ல, கஸ்பார்" என்றார்.

இது 1973 நவம்பரில். அரிசியை அறவே விட்டுவிட வேண்டும், சர்க்கரை, வெல்லம், கிழங்கு எதுவும் கூடாது, அதற்குப் பதிலாகக் கோதுமை கொடுங்கள் என்று மாத்திரையோடு சேர்த்து எழுதிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள். கோதுமையை எப்படிக் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு எப்போதும் குறைவு. எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வருவேன்.

வீட்டிலேயே சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடிக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும் ஒரு பாட்டில் நீல மருந்தும் வாங்கினேன். மருந்தைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் மோசம். சிக்னல் விளக்குகளோடு வாழ்கிறவனுக்கு இதைப் புரிந்துகொள்ளக் கஷ்டமா என்ன? தினம் காலையில் அதைக் காய்ச்சுவது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். மேரி வெட்கப்பட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

கோதுமை எங்கள் வீட்டுக்குப் பழக்கமில்லாத தானியம். பஞ்ச காலத்தில் மாதா கோயிலில் சாமியார் அமெரிக்கக் கோதுமை கொடுத்தார், அதை உப்புமா கிண்டித் தின்றிருக்கிறோம், அவ்வளவுதான். மேரி சப்பாத்தி செய்து பார்த்தாள். முதல் நாள் செய்தது செருப்பு தைக்க ஆகும். இரண்டாம் நாள் அதைவிடக் கெட்டி. பாவம், அவள் அதைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தின்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ரொட்டி ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. யாராவது படுத்துவிட்டால் பார்க்கப் போகிறவர்கள் ரொட்டிப் பொட்டலத்தோடுதான் போவார்கள். தேறி எழுந்தால் ரொட்டி நின்றுவிடும். நோயாளிக்கு ரொட்டி நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை. ரொட்டியைக் கோதுமையில்தான் செய்கிறார்கள். டாக்டரும் கோதுமை என்றுதான் எழுதியிருக்கிறார். கணக்கு எவ்வளவு அழகாகச் சரியாகிவிட்டது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மொரப்பூரில் நல்ல ரொட்டி கிடைக்காது. எனக்கு ரயில் இருக்கும்போது என்ன கவலை? ராஜாமணி என்று ஒரு ரயில் கார்டு, சேலத்துக்காரர், எனக்கு நல்ல சிநேகிதர். சேலத்தில் ஒரு பேக்கரியில் சொல்லி வைத்தேன். ராஜாமணி அங்கே ரொட்டியை வாங்கி, ரயிலின் கடைசியில் இருக்கும் தன் பிரேக் வேனில் போட்டுக்கொண்டு வந்து பிளாட்பாரத்தில் என் கையில் கொடுப்பார். வெள்ளை வெளேரென்று, அமுக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கும். சில நாள் சூடுகூட ஆறியிருக்காது. அதை வாங்கிக்கொண்டு லைனைத் தாண்டிக் குவார்ட்டர்ஸுக்கு நடக்கும்போது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. இருபத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு இப்போதுதான் என் மனைவிக்கு நான் ஏதோ செய்கிறேன் என்று தோன்றியது.

காலையில் நாலு துண்டு ரொட்டி, சர்க்கரை போடாத பாலில் நனைத்து. மத்தியானம் சேமியா உப்புமா. சேமியாவும் கோதுமைதான் என்று கடத்தூர்க் கடைக்காரர் சொல்லியிருந்தார். ராத்திரி மறுபடி ரொட்டி. பசிக்கிறது என்றால் இடையில் இரண்டு துண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொன்று, இன்னொன்று என்று ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அது வலது கால் சுண்டுவிரலைக் கடித்தது. சாதாரணச் செருப்புக் கடி, நாலு நாளில் ஆறிவிட வேண்டியது. பொங்கல் போனது, ஆறவில்லை. பிப்ரவரிக் கடைசியில் சாம்பல் புதன் போனது, ஆறவில்லை. விரல் கறுக்க ஆரம்பித்தது. கண்ணாடிக் குழாய் தினமும் செங்கல் நிறம் காட்டியது.

நான் யோசித்தேன். டாக்டர் சொன்னபடி கோதுமை கொடுக்கிறேன். மாத்திரை கொடுக்கிறேன். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் எனக்குத் தெரியாமல் ஏதோ உள்ளே போகிறது. வீட்டில் எனக்கென்று சோறு வடிக்கிறாள். தனியாக இருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே சோற்றுக்கு ஆசைப்பட்டவள். கடத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பதினோரு பேர் குடும்பத்தில் பிறந்து, களி கிண்டிக் கிண்டியே வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் தினமும் நெல்லுச்சோறு பார்த்தாள். இப்போது அதை எடு என்றால் கை சும்மா இருக்குமா?

அரிசி டின்னில் விரலால் கோடு போட்டு வைத்தேன். மறுநாள் கோடு கலைந்திருந்தது. கேட்டேன்.

"பாஞ்சாலி வூட்டுக்கு ஒரு ஆழாக்கு கைமாத்து குடுத்தேங்க. நாளைக்குக் குடுத்துருவா" என்றாள்.

பாஞ்சாலி கேட்மேன் பச்சியப்பனின் மனைவி, பக்கத்துக் குவார்ட்டர்ஸ். ஆழாக்கு அரிசி மறுநாளே திரும்பியும் வந்தது. ஆனாலும் நான் நம்பவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். அரிசியை எல்லாம் இரும்புப் பெட்டியில் கொட்டிப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். தினம் காலையில் எனக்கு மட்டும் அளந்து எடுத்துக் கொடுப்பேன். வடித்த சோற்றையும் அங்கேயே நின்று தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவேன்.

அன்று மேரி என்னிடம் ஒன்று சொன்னாள்.

"ரொட்டி தின்னா அப்பறம் ரொம்பத் தாகமா வருதுங்க. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போறேன். அந்த ரொட்டி வேணாங்க, வேற ஏதாச்சும் குடுங்க."

"வேற ஏதாச்சும்னா என்னா? சோறு வேணும். அதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ரொட்டியை எடுத்துப் பாலில் நனைத்துத் தின்றாள். அதற்கப்புறம் ரொட்டியைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

நான் அத்தோடு விட்டேனா? சாயங்கால ஜெபத்தில் பத்துக் கட்டளை சொல்லும்போது, களவைப் பற்றிய ஏழாம் கட்டளை வந்தால் மட்டும் குரலை உயர்த்துவேன். கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வேன், ஆனால் அது யாருக்கு என்று வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அடுத்த கட்டளையை அமைதியாகச் சொல்வாள். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் கூசுகிறது. அவ்வளவு கேவலமாக நடந்துகொண்டேன்.

பெட்டியைப் பூட்டிய பிறகும் குழாய் சிவப்பாகவே காட்டியது. சரி, பாஞ்சாலி வீட்டில் போய்த் தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். ஒரு தடவை ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் என்னை நகர்த்த என்ஜின்தான் வரவேண்டும்.

ஏப்ரல் கடைசியில் டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "மே முப்பதாம் தேதி வரைக்கும் பார்ப்போம். சர்க்கரை இறங்கலைன்னா விரலை எடுத்துடணும். தள்ளிப் போட்டா பாதத்துக்கு ஏறிடும், அப்புறம் காலையே எடுக்க வேண்டியிருக்கும்" என்றார். மேரி பஸ்ஸில் வரும்போது காலைத் தூக்கி ஸீட்டில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கு ராஜாமணியிடம் சொல்லி ரொட்டியை ஒன்றுக்கு இரண்டாக்கினேன்.

மே மாதம் எட்டாம் தேதி ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. நானும் யூனியன்காரன். ஸ்டேஷன் வாசலில் கொடி பிடித்து நின்ற எங்களை முதல் நாள் காலையிலேயே வேனில் ஏற்றிச் சேலம் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரக்கூட விடவில்லை. ஜெயில் வாசலில் உடம்பைத் தடவிச் சோதித்த வார்டர் என் அரைஞாணில் இருந்த சாவியைக் கழற்றி, "இது எந்தக் கஜானாவுக்குய்யா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. வீட்டில் அரிசி பெட்டிக்குள். சாவி ஜெயிலில். ரொட்டி கொண்டுவரும் ராஜாமணியும் வேலைநிறுத்தத்தில். கையில் சம்பளம் இல்லை. ஆறாத காலோடு ஒரு மனுஷியைப் பட்டினி போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த இருபது நாளும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். மற்றவர்கள் போனஸ் பேசினார்கள், பஞ்சப்படி பேசினார்கள். நான் சுண்டுவிரலையே நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல ரொட்டி தின்றுகொண்டிருந்தபோதே கறுத்துப்போன விரல், அதுவும் இல்லாமல் என்ன ஆகியிருக்கும்? எங்கள் மகள் ஓசூரில் இருக்கிறாள், அவளுக்குத் தந்தி கொடுக்க யார் இருக்கிறார்கள்? சாப்பாட்டு மணி அடித்துத் தட்டில் விழுகிற சோற்றைப் பார்த்தால், பூட்டின பெட்டிதான் கண்ணில் தெரியும். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தின்பேன்.

இருபத்தெட்டாம் தேதி விட்டார்கள். சாவியையும் திருப்பிக் கொடுத்தார்கள். கிடைத்த ரயிலில் ஏறி மொரப்பூரில் இறங்கி, லைனைத் தாண்டி ஓடினேன். ஐம்பதை நெருங்குகிற தொந்திக்காரன் ஓடுவதைப் பார்த்துப் பிளாட்பாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாஞ்சாலி அவள் வீட்டு வாசலில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களாண்ணா? பொட்டியை ஒடைச்சு அரிசி எடுத்துக்கலாம்னு எங்க வூட்டுக்காரரு சுத்தியலோட வந்தாருங்க. அக்காதான், அவரு வந்து தொறக்கட்டும்னு சொல்லிப்போட்டுது" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முறம் அடி இருந்தது.

உள்ளே மேரி அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்து முகம் மலர்ந்தாள், பிறகு என் தாடியைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்து விரலைப் பார்த்தேன். கறுப்பு ஓரத்தில் தோல் உரிந்து, அடியில் சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது. சீழ் இல்லை. நாற்றம் இல்லை.

"காலை வுடுங்க. யாராச்சும் பாத்தா என்னா நெனப்பாங்க" என்றாள்.

"டாக்டர்கிட்டப் போனியா?"

"இல்லீங்க. இருந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டு நானேதான் தெனம் காச்சிப் பாத்தேன். நீங்க காச்சறதைக் கதவு சந்துல இருந்து எத்தினி நாளு பாத்திருக்கறேன். மொத வாரம் மஞ்சள். அப்பறம் பச்சை. இந்த நாலு நாளா நீலங்க."

அலமாரியில் இருந்த குழாயை எடுத்துக் காட்டினாள். அன்று காலையில் காய்ச்சியதைக் கொட்டாமல் வைத்திருந்தாள். மருந்துப் பாட்டிலில் இருப்பது போலவே நீலமாக இருந்தது. நான் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்னா சாப்பிட்ட?"

"என்னா இருந்துதோ அது. பாஞ்சாலி ராகி மாவு குடுத்தா. அவங்க வூட்லயும் சம்பளம் இல்ல, நெறைய எப்பிடிக் கேக்கறது? ஒரு வேளைக்கு எலுமிச்சங்காய் அளவு களி. மீதி வயித்துக்கு முருங்கைக்கீரை, அவரைக்காய், கொள்ளு ரசம். சாமைக் கஞ்சி ரெண்டு நாளு."

"ரொட்டி?"

"ரொட்டிக்கு எங்க போறது? ராஜாமணியண்ணனுந்தான் ஸ்ட்ரைக்காச்சே."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எனக்கு மூளை மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். பெட்டி மார்ச்சிலிருந்து பூட்டித்தான் இருக்கிறது. பாஞ்சாலி வீடு எப்போதும் போலப் பக்கத்தில்தான் இருக்கிறது. மார்ச்சில் சிவப்பு, ஏப்ரலில் சிவப்பு, இப்போது நீலம். இந்த இருபது நாளில் இந்த வீட்டில் இல்லாமல் போனது இரண்டே இரண்டு. ஒன்று ரொட்டியும் சேமியாவும். இன்னொன்று நான்.

அவளும் அந்தக் கணக்கைப் போட்டிருப்பாள். முதல் வாரம் மஞ்சள் வந்தபோதே தெரிந்திருக்கும். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "குளிச்சுட்டு வாங்க, பெட்டியைத் தொறங்க, உங்களுக்குச் சோறு ஆக்கறேன்" என்றாள். நான் பெட்டியைத் திறந்தேன். அரிசியில் வண்டு விழுந்திருந்தது. சாவியைக் கிணற்றில் வீசிவிட்டு வந்தேன். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாய் வரவில்லை. கோபமாகப் பேச எனக்கு ஒரு நொடி போதும், இந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு நாள் ஆகியும் தொண்டையிலேயே நின்றது.

முப்பதாம் தேதி தர்மபுரிக்குப் போனோம். டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்தார், அவரும் ஒரு தடவை குழாயைக் காய்ச்சினார். நம்ப முடியாமல் இன்னொரு தடவை காய்ச்சினார். விரலை எடுக்கவேண்டாம் என்று அவர் சொன்னதும் நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு பேனாவை மூடிவிட்டு மேரியைப் பார்த்தார். "இப்ப இறங்கியிருக்குன்னா, இத்தனை மாசமா ஏன் இறங்கலை? நான் சொன்னதைச் சாப்பிடலை. அதுதானே? உண்மையைச் சொல்லுங்கம்மா. வீட்டுல என்ன நடந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேரி முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க சார். சோத்து மேல ஆசை. இவரு டூட்டிக்குப் போனதும் இவருக்குத் தெரியாம திருட்டுத்தனமா தின்னுக்கிட்டு இருந்தேங்க. அரிசியைப் பூட்டிக்கூட வெச்சாரு. நான்தான் கேக்கலை. இவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க."

தலையைக் குனிந்துகொண்டு, ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னாள். மூன்று மாதமாக எந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து பிடுங்கவேண்டும் என்று துடித்தேனோ, ஜெபத்தைக்கூட அதற்காக வளைத்தேனோ, அந்த வார்த்தை இப்போது தானாக வந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டாக்டர், "படிச்ச மனுஷன் இவ்வளவு அக்கறையாப் பார்த்துக்கறார், நீங்க இப்படிப் பண்ணலாமாம்மா?" என்று ஆரம்பித்தார்.

"இல்லைங்க சார்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இவ ஒரு பருக்கை தொடலைங்க. நான்தான் ரொட்டி குடுத்தேன். தெனம் சேலத்துலேருந்து வரவழைச்சு, ஒரு நாளைக்குப் பத்துத் துண்டு, பன்னெண்டு துண்டு. மத்தியானம் சேமியா. வேணாம்னு சொன்னா. சோத்துக்கு ஆசைப்பட்டுச் சொல்றான்னு திட்டினேன். திருடின்னு நெனச்சேன். இவ பொய் சொல்றா சார், என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றா."

டாக்டர் மறுபடி பேனாவைத் திறந்தார். பிறகு ரொட்டியும் சேமியாவும் மைதா என்று விளக்கினார். கோதுமையில் இருக்கிற தவிட்டையெல்லாம் சலித்து எறிந்துவிட்டு வெறும் வெள்ளை மாவை மட்டும் எடுக்கிறார்கள், அது வயிற்றுக்குள் போனதும் சீக்கிரமே சர்க்கரையாகிவிடும், அரிசிக்கு அதுவொன்றும் இளைத்ததில்லை என்றார். சப்பாத்தி என்றால் தவிட்டோடு அரைத்த மாவில், வேளைக்கு இரண்டு. ராகியும் மாவுதான், அளவு தாண்டினால் அதுவும் ஏறும். கீரையும் காயும் பருப்பும் நிறைய, மாவு குறைய. இதையெல்லாம் நவம்பரிலேயே உட்கார்த்தி வைத்துச் சொல்லாதது தன் தப்பு என்றும் சொன்னார். நான் இந்தத் தடவை ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மேரி முகத்தை உர்ரென்று வைத்திருந்தாள்.

"எதுக்குங்க அப்பிடிச் சொன்னீங்க? அத்தினி பேரு முன்னாடி. நான் திருடினதாவே இருந்துட்டுப் போவுது."

"நீ திருடலியே மேரி" என்றேன். அத்தோடு தொண்டையில் நின்றதும் வந்துவிட்டது. "என்னை மன்னிச்சுக்கோ." கண்ணீரும் வந்தது, துடைக்கவில்லை.

"நான் திருடலைன்னு உங்களுக்குத் தெரியணும்னுதான் இத்தினி நாளும் இருந்தேன். தெரிஞ்சுபோச்சு. டாக்டருக்குத் தெரிஞ்சு என்னா ஆவப்போவுது?" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் என் முகத்தை அவளே அழுத்தித் துடைத்தாள்.

மொரப்பூர் பஸ் கூட்டமாக வந்தது. என் கையைப் பிடிக்காமல் முண்டியடித்து ஏறி, எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.